வெயில் தூக்கிய பறவை

படம் எடுக்க எது நல்ல நேரம் என்று எந்தப் புகைப்படக்காரரைக் கேட்டாலும் காலை ஏழு மணிக்கு முன்னால், மாலை ஐந்து மணிக்குப் பின்னால் என்பார். சூரியன் தாழ்ந்திருக்கும் நேரத்து வெளிச்சம் பக்கவாட்டில் விழும், கண்ணைக் கூசாது, உருவத்துக்குத் திரட்சி கொடுக்கும். மயிலுக்கும் மானுக்கும் மனித முகத்துக்கும் அந்த அறிவுரை சரி. பாறு கழுகுக்கு உதவாது. காலை ஏழு மணிக்குப் பாறு கழுகு மரக்கிளையில் சும்மா உட்கார்ந்திருக்கும்.

அதைச் சோம்பேறி என்று சொல்லிவிட முடியாது. வெண்முதுகுப் பாறு ஐந்து கிலோவை ஒட்டிய எடை கொண்டது. சிறகை விரித்தால் இரண்டு மீட்டர். அத்தனை பெரிய உடம்பைச் சிறகடித்தே மேலே கொண்டுபோக ஆகும் சக்தி மிக அதிகம். எங்கோ ஒரு மாடு செத்துக் கிடக்கலாம், கிடக்காமலும் போகலாம் என்ற நிலையில் அந்தச் செலவு கட்டுபடியாகாது. தென்னமெரிக்காவின் ஆண்டீஸ் மலைகளில் வாழும் காண்டார் கழுகுகளின் உடலில் கருவி பொருத்திப் பார்த்த ஆய்வு ஒன்று 2020இல் வெளியானது. பறக்கும் நேரத்தில் நூற்றில் ஒரு பங்குதான் அவை சிறகடிக்கின்றன என்று அது காட்டியது. அவற்றில் ஒரு பறவை ஐந்து மணி நேரத்துக்கும் மேலாக, சுமார் 172 கிலோமீட்டர் தூரம், ஒருமுறைகூடச் சிறகை அடிக்காமல் போயிருக்கிறது.

நம் ஊரில் இதைப் பார்க்க முதுமலையை ஒட்டிய சீகூர் மேட்டுநிலத்துக்கும் மோயாற்றுப் பள்ளத்தாக்குக்கும் போகவேண்டும். தென்னிந்தியாவில் எஞ்சியிருக்கும் பாறு கழுகுகளின் முக்கியமான புகலிடம் அது. வெயில் ஏறி, பாறையும் செம்மண்ணும் சூடாகி, அவற்றைத் தொட்ட காற்று இலேசாகித் தூண் தூணாக மேலே எழும்பத் தொடங்கும்வரை அங்கே வானம் காலியாக இருக்கும். ஒன்பது, பத்து மணி வாக்கில் ஒன்று கிளம்பும். அது வட்டமடித்து ஏறுவதைப் பார்த்து இன்னொன்று. பிறகு ஏழெட்டு. அதற்குள் சூரியன் உச்சியை நெருங்கிவிடும். வெளிச்சம் முழுவதும் பறவையின் முதுகில் விழும். நாமோ வயிற்றுக்குக் கீழே நிற்போம்.

பறக்கும் பாறுகளைப் படமெடுப்பதன் அடிப்படைச் சிக்கலே இதுதான். பறவையைத் தூக்குவது எந்த வெயிலோ, அதே வெயில்தான் படத்தையும் கெடுக்கிறது. கடினமான வெளிச்சம் என்பது ஏதோ அன்றைக்கு வாய்த்த கெட்ட நேரம் என்று நினைத்துக் கொண்டிருக்கிறோம். பெரிய இரைக்கொல்லிப் பறவைகள் விஷயத்தில் அது பறத்தலோடு சேர்ந்தே வருவது.

வெயில் எப்படிக் கெடுக்கிறது என்று பார்த்தால், முதலில் காற்றைக் கலக்குகிறது. காற்று சூடானால் அதன் ஒளிவிலகல் எண் மாறும். மாற்றம் மிகச் சிறியது; ஒரு டிகிரி செல்சியஸுக்குப் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. ஆனால் 600 மில்லிமீட்டர் லென்ஸும் 45 மெகாபிக்சல் சென்சாரும் உள்ள கேமராவில் ஒரு பிக்சல் பார்க்கும் கோணமும் அப்படித்தான் நுண்ணியது. பத்து மீட்டர் தள்ளிப் பிடித்த ஒற்றைத் தலைமயிரின் தடிமன் அளவு. சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் மாறி மாறிக் குறுக்கே ஓடினால், பறவையிலிருந்து வரும் ஒளிக்கதிர் அந்த மயிரிழையைத் தாண்டி இப்படியும் அப்படியும் வளையும். லட்சக்கணக்கில் விலைகொடுத்து வாங்கிய லென்ஸில் படம் சவசவவென்று வந்தால் பலர் லென்ஸைச் சர்வீஸுக்கு அனுப்புகிறார்கள். பழுது பெரும்பாலும் தரையிலிருந்து முதல் சில மீட்டர் காற்றில் இருக்கும். அங்கேதான் கொந்தளிப்பு அதிகம். ஆகவே தார்ச்சாலைக்கு மேலாகத் தொலைவில் தாழப் பறக்கும் பருந்தைவிட, தலைக்கு நேர் மேலே வட்டமிடும் பருந்து துல்லியமாக வரும். ஏசி போட்ட காரின் கண்ணாடியை இறக்கிவிட்டு உள்ளிருந்தபடியே எடுப்பதும் வேண்டாத வேலை. குளிர்ந்த காற்றும் சூடான காற்றும் லென்ஸின் வாசலிலேயே மோதிக்கொள்ளும்.

இரண்டாவது, கேமராவின் கணக்கு. எந்தக் காட்சியைக் கொடுத்தாலும் அதன் சராசரி ஒரு நடுத்தரச் சாம்பல் நிறமாகத்தான் இருக்கும் என்ற ஊகத்தில்தான் ஒளிமானிகள் வெகுகாலமாக வேலை செய்துவந்தன. இன்றைய கேமராக்கள் பறவையையும் அதன் கண்ணையும்கூட அடையாளம் கண்டு ஃபோகஸ் செய்கின்றன. ஆனாலும் படத்தின் முக்கால் பங்கை நிறைக்கும் வெளுத்த வானத்தைக் கண்டதும் ‘வெளிச்சம் அதிகம்’ என்று ஷட்டரை விரைவாக மூடிவிடும் பழக்கம் முழுவதும் போகவில்லை. வானம் அழகான சாம்பலாக வரும், பறவை கரிக்கட்டை. சரி, ஒளியைக் கூட்டி எடுப்போம் என்று ஒன்றரை, இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரு மடங்கு) ஏற்றி வைத்தால், பருந்து வானத்தை விட்டிறங்கி இருண்ட மலைச்சரிவின் முன்னால் போகும் கணத்தில் அதே ஏற்றம் அதை வெள்ளையாக்கிவிடும்.

பின்னணி மாறலாம், பறவையின்மேல் விழும் வெளிச்சம் மாறவில்லை. வெயிலில் பறக்கும் பருந்துக்குப் பின்னால் வானம் இருந்தாலும் காடு இருந்தாலும் அதன் இறகிலிருந்து நமக்கு வரும் ஒளி ஏறக்குறைய ஒன்றுதான். ஆகவே அனுபவசாலிகள் தானியங்கியை அணைத்துவிட்டு ஷட்டர் வேகம், துளை, ஒளியுணர்வைக் குறிக்கும் ஐஎஸ்ஓ என்ற மூன்று எண்களையும் கையாலேயே நிறுத்திக் கொள்கிறார்கள். இத்தனை தொழில்நுட்பம் வந்தபிறகும் மேனுவல்தான் இங்கே நம்பகமானது என்பது எனக்கு வேடிக்கையாகவும் கொஞ்சம் திருப்தியாகவும் இருக்கிறது.

அடிப்பக்கம் கரியாகிப் போவதில் அழகு மட்டும் போவதில்லை. பாறு கழுகுகளை இனம் பிரிப்பதே பெரும்பாலும் கீழிருந்து பார்த்துத்தான். வளர்ந்த வெண்முதுகுப் பாறுவின் சிறகடியில் முன்பாதி வெள்ளையாகவும் பின்பாதி கறுப்பாகவும் இருக்கும். அந்த வெள்ளைப் பட்டையும் நிழலில் அமிழ்ந்துவிட்டால் அது வேறு பாறுவாகவும் இருக்கலாம். இறகு உதிர்ந்து முளைக்கும் ஒழுங்கை வைத்துப் பறவையின் வயதையும் கணிக்கலாம். ஃபின்லாந்தின் டிக் ஃபோர்ஸ்மன், பறக்கும் நிலையில் இரைக்கொல்லிகளை இனங்காண்பது பற்றித் தடித்த நூல்களே எழுதியிருக்கிறார். கணக்கெடுப்பில் ஒரு பறவையைச் சந்தேகப் பட்டியலிலிருந்து உறுதிப் பட்டியலுக்கு மாற்றுவது சில நேரம் சிறகடியில் தெரியும் அரை ஸ்டாப் வெளிச்சம்தான்.

அந்த வெளிச்சம் எங்கிருந்து வரும்? தரையிலிருந்து. பறவைப் படம் எடுப்பவர்கள் வானத்தையே பார்க்கிறார்கள்; கொஞ்சம் மண்ணையும் பார்க்கலாம். உச்சி வெயில் தரையில் விழுந்து, ஒரு பகுதி உறிஞ்சப்பட்டு, மீதி மேல்நோக்கித் திரும்புகிறது. அடர்ந்த காடு திருப்பித் தருவது பத்தில் ஒரு பங்கை ஒட்டித்தான். காய்ந்த கடற்கரை மணல் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டித் தரும். உப்புப் படிந்த பாத்தி பாதியையும் தாண்டும். தூத்துக்குடியிலோ வேதாரண்யத்திலோ உப்பளத்துக்கு மேல் பறக்கும் செம்பருந்தின் அடிவயிறு நடுப்பகலிலும் தெளிவாகத் தெரிவதற்கு இதுதான் காரணம். அதே பருந்து நாலு சிறகடிப்பில் திறந்த நீருக்கு மேல் போனால் சட்டென்று இருண்டுவிடும். சூரியன் உச்சியில் இருக்கும்போது தண்ணீர் திருப்பித் தருவது நூற்றில் ஐந்து பங்கு அளவே. உப்புக்கும் நீருக்கும் இடையே பத்து மடங்கு வித்தியாசம், ஸ்டாப் கணக்கில் மூன்றுக்கு மேல்.

இதில் நிறமும் சேர்ந்து வரும். பச்சை வயலுக்கு மேல் ஓரிடத்தில் நின்று சிறகடிக்கும் கருந்தோள் பருந்தின் வெள்ளை வயிற்றில் மெல்லிய பச்சை ஏறியிருக்கும். செம்மண் காட்டில் அதுவே காவி. கணினியில் அமர்ந்து அந்தச் சாயலை முழுவதும் துடைத்து ‘சரியான’ வெள்ளையாக்குவது ஏன் என்று எனக்குப் புரிவதில்லை. அந்த நேரத்தில் அந்தப் பறவை அந்த நிறத்தில்தான் இருந்தது.

தண்ணீர் தரும் வேடிக்கை வேறு. உச்சிப்பொழுதில் கருமியாக இருக்கும் அதே நீர், கதிர் சாய்ந்து வரும்போது தாராளமாகிறது. சூரியன் தொடுவானத்திலிருந்து பத்து டிகிரி உயரத்தில் இருந்தால், அமைதியான நீர்ப்பரப்பு தன்மேல் விழும் ஒளியில் மூன்றில் ஒரு பங்கைப் பிரதிபலிக்கும். ஐந்து டிகிரியில் பாதிக்கும் மேல். பழவேற்காடு ஏரி போன்ற பரந்த காயலில் விடிந்த கொஞ்ச நேரத்துக்கு இரண்டு சூரியன்கள் இருக்கின்றன, ஒன்று கிழக்கு வானில், ஒன்று அதற்கு நேர் கீழே. குளிர்காலத்தில் அங்கே வலசை வரும் விராலடிப்பான் மீனைத் தூக்கிக்கொண்டு போகும்போது அதன் வெளிர்ந்த சிறகடி ஒளிர்வது இந்த இரண்டாவது சூரியனால்.

தரை கைகொடுக்காத இடத்தில் பறவையின் சாய்வு கைகொடுக்கும். ஏறுகாற்றில் சுற்றும் பருந்து தட்டையாகச் சுற்றுவதில்லை; வட்டத்தின் உட்பக்கமாக உடம்பைச் சாய்த்தே திரும்பும். சூரியன் ஓரளவு சாய்ந்திருந்தால், ஒவ்வொரு சுற்றிலும் ஏதோ ஓரிடத்தில் அடிச்சிறகு சூரியனை நோக்கித் திரும்பும். எதிர்ப்பக்கத்தில் முதுகு திரும்பும். ஒரு சுற்றுக்குப் பத்துப் பதினைந்து நொடி என்று வைத்துக்கொண்டால், அதில் ஓரிரு நொடிதான் பயனுள்ளது. மீதி நேரம் விரலை எடுத்துவிடலாம். நொடிக்கு இருபது, முப்பது படம் எடுக்கும் கேமரா கையில் இருப்பவர்கள் இதைக் கேட்பதில்லை. இரவெல்லாம் உட்கார்ந்து ஆயிரம் கரிக்கட்டைகளை அழிப்பார்கள்.

எதிர்வெளிச்சத்தை ஒரேயடியாகப் பழிக்கவும் கூடாது. பருந்து சூரியனுக்கும் நமக்கும் நடுவில் வரும்போது உடம்பு இருண்டாலும் சிறகின் ஓர இறகுகள் ஒளியைக் கசியவிடும். எது எவ்வளவு கசியவிடுகிறது என்பதில் ஒரு பாடம் இருக்கிறது. செம்பருந்தின் சிறகு நுனிகள் கறுப்பு. அங்கே மெலனின் என்ற நிறமி செறிந்திருக்கிறது. நிறமி செறிந்த இறகு தேய்மானத்தை அதிகம் தாங்கும். காற்றின் அடியை அதிகம் வாங்குவதும் சிறகின் நுனிதான். இன்னொன்று: இறகின் நுண்ணிழைகள் ஒழுங்கான இடைவெளியில் அடுக்கப்பட்டவை. 1673இல் ஸ்காட்லாந்துக் கணிதர் ஜேம்ஸ் கிரகரி, இருட்டறைக்குள் வந்த சூரியக் கதிரை ஒரு பறவை இறகின் வழியே செலுத்திப் பார்த்தபோது எதிரே நிறப்பட்டைகள் விழுந்தன. நியூட்டன் பட்டகத்தால் ஒளியைப் பிரித்ததை ஓர் இறகு வேறு வழியில் செய்துவிட்டது. இன்று ஆய்வகங்களில் ஒளியைப் பிரிக்கப் பயன்படும் கீற்றணியின் முதல் வடிவம் பறவையின் மேலேயே இருந்தது. உதிர்ந்த இறகு ஒன்று கிடைத்தால் தெருவிளக்கை அதன் வழியே பார்க்கலாம்.

இனி வேகம். பருந்து நொடிக்குப் பத்து மீட்டர் வேகத்தில் முப்பது மீட்டர் தொலைவில் குறுக்கே போகிறது என்று கொள்வோம். 1/2000 நொடியில் அது ஐந்து மில்லிமீட்டர் நகரும். முன்சொன்ன லென்ஸிலும் சென்சாரிலும் அது இருபதுக்கும் மேற்பட்ட பிக்சல் நீளத்துக்குத் தீற்றலாகும். பறவையோடு சேர்த்து லென்ஸையும் திருப்பினால் உடம்பு அசங்காமல் நிற்கும், ஆனால் சிறகு நுனி தனக்கென்று ஒரு வேகத்தில் மேலும் கீழும் போய்க்கொண்டிருக்கும். அதையும் நிறுத்த 1/3200 வேண்டும் என்பார்கள். நல்ல வெயிலில் இது பெரிய கோரிக்கையே இல்லை. ஐஎஸ்ஓ 400, துளை எஃப் 5.6 என்றால் 1/3200 தானாகவே வாய்க்கும்.

அதே கணக்கை மாலைக்கு எடுத்துப்போனால்தான் விஷயம் புரியும். லக்ஸ் என்ற ஒளி அலகில் நேர் வெயில் சுமார் ஒரு லட்சம். சூரியன் மறையும் தறுவாயில் அது நானூறு லக்ஸ் வாக்கில் வந்து நிற்கும், அதாவது 250 மடங்கு குறைவு. நம் கண் தன்னைச் சரிசெய்துகொள்வதால் இவ்வளவு பெரிய சரிவை உணர்வதே இல்லை. ‘கொஞ்சம் மங்கிவிட்டது’ என்கிறோம். 1/3200ஐ விடமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தால் ஐஎஸ்ஓ ஒரு லட்சத்தைத் தாண்டவேண்டும். படத்தில் மணல் தூவியதுபோல் புள்ளிகள் கொட்டும்.

அந்த மணலை ஐஎஸ்ஓ உண்டாக்குவதாகவே எல்லோரும் சொல்கிறோம். பெரும்பகுதி ஒளியிலேயே இருப்பது. ஒளி ஃபோட்டான் துகள்களாக வருகிறது, அவை ஒழுங்காக வரிசையில் வருவதில்லை. ஒரு பிக்சலில் சராசரியாகப் பத்தாயிரம் ஃபோட்டான்கள் விழவேண்டிய இடத்தில் நூறு கூடவோ குறையவோ விழும். ஏற்ற இறக்கம் எப்போதும் எண்ணிக்கையின் வர்க்கமூலம். பத்தாயிரத்தில் நூறு என்பது நூற்றில் ஒரு பங்கு, கண்ணுக்குத் தெரியாது. 250 மடங்கு குறைந்து நாற்பது ஃபோட்டான்கள்தான் வருகின்றன என்றால் ஏற்ற இறக்கம் ஆறுக்கு மேல், ஆறில் ஒரு பங்கை நெருங்குகிறது. பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்கள் ஒரே நிற இறகைப் பார்த்தும் வெவ்வேறு சேதி சொல்லும். எத்தனை கோடி செலவழித்துச் சென்சார் செய்தாலும், வராத ஃபோட்டானை எண்ண முடியாது. 1940களில் டச்சு அறிவியலாளர் ஹெசல் தெ ஃப்ரீஸும் அமெரிக்காவில் தொலைக்காட்சிக் கேமராக் குழாய்களில் வேலைசெய்த ஆல்பர்ட் ரோஸும் தனித்தனியாக இதே கணக்கைக் கண்ணுக்குப் போட்டுப் பார்த்தார்கள். மங்கிய ஒளியில் நம் பார்வைக்கும் இதே எல்லைதான் என்று தெரிந்தது.

வேகத்துக்காக ஒளியை விட்டுக்கொடுக்கும் இந்தப் பேரத்தைப் பறவைகளுக்காகச் செய்த முன்னோடி பிரெஞ்சு உடலியலாளர் எட்டியன் ழூல் மரே. 1882இல் அவர் செய்த ‘புகைப்படத் துப்பாக்கி’ பார்க்க வேட்டைத் துப்பாக்கி மாதிரியே இருக்கும். விசையை இழுத்தால் சுழலும் தகட்டில் நொடிக்குப் பன்னிரண்டு படம், ஒவ்வொன்றுக்கும் 1/720 நொடி. அன்றைய வேதிப்பூச்சுக்கு அது மிகக் குறைந்த ஒளி. மரே அதைச் சமாளித்த விதம் புத்திசாலித்தனமானது: இறகின் நிறமோ விவரமோ அவருக்கு வேண்டாம், சிறகு எந்தக் கணத்தில் எந்தக் கோணத்தில் இருந்தது என்பது போதும். நேப்பிள்ஸின் வெளிச்சமான வானத்தின்முன் பறவைகளை வெறும் நிழலுருவாகவே பதிந்தார். நாம் தோல்வி என்று அழிக்கும் கரிக்கட்டைகளைக் கொண்டுதான் அவர் பறத்தலின் இயக்கத்தை அளந்தார்.

கடற்கரையில் கதை கொஞ்சம் மாறும். செம்பருந்து பாறு அளவு கனமில்லை, விடியலில் படகுகள் திரும்பும் நேரத்துக்கே வந்துவிடும், சிறகடித்துப் பறக்கவும் தயங்காது. நல்ல வெளிச்சத்தில் கிடைக்கும் இரைக்கொல்லி இது. ஆனால் அதன் வெள்ளைத் தலையும் செம்பழுப்பு உடலும் சேர்ந்து ஒரு தொல்லை. உடம்புக்கு ஒளி வைத்தால் தலை வெளுத்துப்போகும். சென்சாரின் கிண்ணம் ஒருமுறை நிரம்பி வழிந்துவிட்டால் அந்த வெள்ளையில் இறகு வரிகளை எந்த மென்பொருளும் மீட்காது. இருண்ட பழுப்பையோ, கொஞ்சம் மணலோடு மீட்டுவிடலாம். எனவே தலைக்கு அளந்து, உடம்பை அதன் விதிக்கு விடவேண்டும். மலேசியாவின் லங்காவியில் சுற்றுலாப் படகுகளிலிருந்து கோழித் தோலை வீசி இதே பருந்துகளைக் கூட்டமாக வரவழைப்பதுண்டு. சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி படகை நிறுத்தினால் எல்லாச் சிக்கலும் தீர்ந்தது. அப்படி எடுத்த படங்கள் பார்த்தவுடன் தெரியும். எல்லாவற்றிலும் பருந்து படகைப் பார்க்கும். பறவைக்கும் அந்தத் தோல் ஒழுங்கான தீனி இல்லை.

இரவை ஒட்டிப் பறப்பவை பூனைப்பருந்துகள். குஜராத்தின் வேலாவதர் புல்வெளியில் குளிர்கால மாலைகளில் அவை நூற்றுக்கணக்கில் வந்து இறங்கும். உலகில் பூனைப்பருந்துகள் ஒன்றாய்க் கூடித் தங்கும் மிகப் பெரிய இடங்களில் அது ஒன்று. நீண்ட சிறகு, இலேசான உடல். புல்லின் தலையைத் தடவியபடி மெல்லப் போக அவற்றுக்கு ஏறுகாற்று தேவையில்லை, அதனால் வெயிலும் தேவையில்லை. நானூறு லக்ஸில் கேமரா என்ன கேட்கும்? ஐஎஸ்ஓ 12,800இல் 1/400. அல்லது மணலைக் குறைத்து 3,200இல் 1/100 வைத்துப் பறவையோடு லென்ஸை ஓட்டலாம். பத்தில் எட்டு வீணாகும். வீணாகாத ஒன்றில் முகம் கூர்மையாகவும் சிறகுகள் வீச்சாகவும் புல் வெறும் கோடுகளாகவும் இருக்கும். ஒவ்வோர் இறகும் உறைந்து நிற்கும் படத்தைவிடப் பறத்தல் இதில்தான் அதிகம் இருக்கிறது என்பது என் கட்சி.

அந்த மங்கலில் பறவைக்கும் கண் தடுமாறும். பைரி என்ற வல்லூறின் கண், பிரகாசமான ஒளியில், நொடிக்கு 129 முறை மின்னும் விளக்கைக்கூட மின்னுவதாகவே உணரும் என்று 2020இல் அளந்திருக்கிறார்கள். நமக்கு அது நிலையாக எரியும் விளக்கு. ஆனால் ஒளி குறைந்தால் எந்த விழித்திரையும் ஃபோட்டான்களைச் சேர்க்க அதிக நேரம் எடுத்தாகவேண்டும், கண்ணின் ஷட்டரும் மெதுவாகிறது. ஆஸ்திரேலியக் கழுகு ஒன்றின் பார்வைக் கூர்மையை 1985இல் அளந்தபோது நல்ல வெளிச்சத்தில் அது மனிதரைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் இருந்தது. வெளிச்சத்தைக் குறைக்கக் குறைக்க வேகமாகச் சரிந்தது. பூனைப்பருந்துக்கு மட்டும் இன்னொரு வழி உண்டு. ஆந்தையைப்போல் முகத்தைச் சுற்றி ஒலியைக் குவிக்கும் இறகு வளையம். வட அமெரிக்கப் பூனைப்பருந்தை வைத்து 1982இல் வெளியான ஆய்வில், புல்லுக்குள் ஒளித்துவைத்த சிறு ஒலிபெருக்கியின் எலிச் சத்தத்தைக் கேட்டே அது சரியான இடத்தில் பாய்ந்தது. கேமராவில் ஐஎஸ்ஓவை இன்னொரு படி ஏற்றலாம். அதற்குமேல் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.